பதினைந்து வயதுக் காருக்கு எஃப்.சி.: என்ன பார்க்கிறார்கள், உண்மையில் எவ்வளவு ஆகும்

பழைய கார் விளம்பரம் எதை எடுத்தாலும் "சிங்கிள் ஓனர், எஃப்.சி. கரண்ட், இன்சூரன்ஸ் கரண்ட்" என்று ஒரு வரி இருக்கும். முதல் முறையாகக் கார் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த எஃப்.சி. என்றால் என்ன, யாருக்கு எப்போது வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பது சரியாகத் தெரிவதில்லை. கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது, ஏனென்றால் வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது. திடீரென்று ஒரு நாள் ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், இருக்கும் தேதி கண்ணில் படும், அப்புறம்தான் யாரைக் கேட்பது, எங்கே போவது என்ற ஓட்டம் தொடங்கும்.

எஃப்.சி. என்பது தகுதிச் சான்று. இந்த வண்டி ரோட்டில் ஓட லாயக்கானது என்று போக்குவரத்துத் துறை பார்த்துக் கொடுக்கும் காகிதம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும்தான் இதற்கு அடிப்படை.

முதலில் மஞ்சள் போர்டு, வெள்ளை போர்டு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். டாக்ஸி, லாரி, வேன், பஸ் என்று வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு எஃப்.சி. தனிச் சான்று. புது வண்டிக்கு முதல் 2 வருஷம், அதன் பிறகு வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 வருஷத்துக்கு ஒரு முறை, 8 வயதைத் தாண்டினால் வருஷா வருஷம். வெள்ளை போர்டு, அதாவது நம் வீட்டுக் கார், பைக்குக்கு இப்படித் தனிச் சான்று கிடையாது. ஆர்.சி.யே 15 வருஷத்துக்குச் செல்லும். அது முடியும்போது வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்தால் 5 வருஷம் கிடைக்கும், பிறகு மறுபடியும் 5. சட்டப்படி இதன் பெயர் பதிவுப் புதுப்பித்தல்தான், ஆனால் வண்டியைப் பரிசோதித்துத்தான் கொடுப்பார்கள் என்பதால் எல்லோரும் இதையும் எஃப்.சி. என்றே சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இங்கிலாந்தில் கார் மூன்று வயதை எட்டியதும் பரிசோதனை, பிறகு வருஷா வருஷம். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் முதல் சோதனை மூன்றாம் வருஷம், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. சிங்கப்பூரில் மூன்று வயதிலிருந்து பத்து வயதுவரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருஷந்தோறும். நம்மூரில் வீட்டுக் காரை முதல் 15 வருஷத்துக்கு அரசாங்கம் சார்பில் யாரும் பார்ப்பதே இல்லை. பிரேக் பிடிக்கிறதா, ஸ்டீயரிங் ஆடுகிறதா, டயரில் நூல் தெரிகிறதா, எதையும் கேட்க ஆளில்லை. இடையில் எடுக்கும் புகைச் சான்று புகையை மட்டும்தான் பார்க்கும். 15 வருஷம் சும்மா விட்டுவிட்டுத் திடீரென்று ஒரு நாள் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பது, வருஷம் முழுக்கப் பாடம் நடத்தாமல் நேரே முழுப் பரீட்சை வைப்பது மாதிரி.

இதனால்தான் எஃப்.சி. செலவு பயமுறுத்துகிறது. "எஃப்.சி.க்கு ஐம்பதாயிரம் ஆயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால், அதில் அரசாங்கத்துக்குப் போனது பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். மீதியெல்லாம் போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், அதற்கும் முந்தின வருஷம் செய்திருக்க வேண்டிய வேலை. ஒர்க்‌ஷாப்பில் "இப்போதைக்கு ஓடும் சார், அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்று சொன்ன ஒவ்வொன்றும் அன்றைக்கு வரிசையில் வந்து நிற்கும்.

கிரவுண்டில் என்ன நடக்கிறது

ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைப் பார்ப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். சட்டத்தில் என்ன பதவிப் பெயர் இருந்தாலும் தமிழ்நாட்டு மக்கள் வாயில் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான், அவருடைய வேலையின் சாரமும் அதுவேதான். விதிகளில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அட்டவணையே இருக்கிறது: ஹெட்லைட்டின் வெளிச்சம் எங்கே விழுகிறது, மற்ற விளக்குகள், ரிஃப்ளெக்டர், கண்ணாடிகள், ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை, பிரேக், ஸ்பீடாமீட்டர், ஸ்டீயரிங். இத்துடன் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் பதிவெடுப்பார்கள். ஆர்.சி.யில் இருக்கும் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நம்பர் இருக்கும் இடம் துருப்பிடித்து எழுத்து தெரியாமல் போயிருந்தால் நல்ல வண்டிக்குக்கூடச் சிக்கல் வரும், ஆகவே அதை முன்கூட்டியே தேடிப் பார்த்துச் சுத்தம் செய்து வையுங்கள்.

கண்ணால் பார்த்து, ஒரு சுற்று ஓட்டச் சொல்லி முடிவெடுக்கும் இந்த முறைக்குப் பதிலாக மெஷின் வைத்துச் சோதிக்கும் தானியங்கிச் சோதனை மையங்களுக்கு 2021 செப்டம்பரில் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அங்கே நடப்பது வேறு கதை. காரின் முன் சக்கரம் இரண்டையும் தரையில் பதித்த உருளைகளின்மேல் நிறுத்துவார்கள். உருளை சுழலும், சக்கரமும் கூடச் சுழலும், பிரேக்கை மிதித்தால் ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையில் நிற்கிறது என்று திரையில் தனித்தனியாக எண் வரும். பிறகு பின் சக்கரம், பிறகு ஹேண்ட் பிரேக். இதில் பலருக்கு அதிர்ச்சி தருவது மொத்த பிரேக் அல்ல, இடது வலது வித்தியாசம். மிதித்தால் வண்டி நிற்கத்தான் செய்கிறது, ஆனால் இடது பக்கம் பிடிக்கிற அளவு வலது பக்கம் பிடிக்கவில்லை. ஊருக்குள் முப்பது நாற்பதில் ஓட்டும்போது இது உங்களுக்குத் தெரியவே தெரியாது. மழை நாளில் பைபாஸில் எண்பதில் போகும்போது குறுக்கே மாடு வந்து ஓங்கி மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுற்றும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றால், சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன் பேட் தேய்ந்தால் சத்தம் வரும், மாற்றிவிடுகிறோம். பின் டிரம் சத்தமே போடாது, அதனால் வருஷக்கணக்கில் அதை யாரும் கழற்றுவதே இல்லை. உள்ளே வீல் சிலிண்டரில் எண்ணெய் கசிந்து, டிரம்மில் உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூவை நனைத்திருக்கும், இல்லாவிட்டால் ஷூ கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகியிருக்கும். எஃப்.சி. வேலைக்கு விடும்போது மெக்கானிக்கிடம் "பின் டிரம் ரெண்டையும் கழற்றி எனக்குக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். கூலி கொஞ்சம்தான் ஆகும். கூடவே பிரேக் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய பொருள், பல கார்களில் கம்பெனியில் ஊற்றியதே இன்னும் இருக்கிறது. ஈரம் ஏறிய ஆயில் சூடானால் சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும், பெடல் மெத்தென்று உள்ளே போகும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டயருக்கு வருவோம். காருக்குச் சட்டப்படி குறைந்தபட்ச பள்ளம் 1.6 மில்லிமீட்டர். அளவுகோல் எல்லாம் வேண்டாம், டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும், டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் முடிந்தது. ஆனால் பழைய கார்களில் அதிகம் நடப்பது இதுவல்ல. வண்டி குறைவாக ஓடியிருக்கும், பள்ளம் நிறைய இருக்கும், ரப்பர் மட்டும் கெட்டிப்பட்டு ஓரத்தில் மெல்லிய வெடிப்பு விட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றிருந்தால் 2016ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் தயாரித்தது. அப்படி ஒரு டயர் இன்றைக்கு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எனக்கு அதன்மேல் நம்பிக்கை கிடையாது. எஃப்.சி. அன்றைக்கு மட்டும் நல்ல டயர் மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் பழையதை மாட்டிக்கொள்ளும் வித்தை லாரி, வேன் உலகில் ரொம்ப நாளாக உண்டு. வீட்டுக் காருக்கு அதைச் செய்கிறவர் யாரை ஏமாற்றுகிறார் என்று எனக்குப் புரிவதில்லை, உள்ளே உட்காரப் போவது அவருடைய குடும்பம்தானே.

ஹெட்லைட் மஞ்சளாகிப் பால் படிந்த மாதிரி இருந்தால் பாலிஷ் போட்டாலே பெருமளவு சரியாகும், புது செட் வாங்கச் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். வாங்கிய பிறகு வெளியில் மாட்டிய வெள்ளை எல்.இ.டி. பல்பு, முன்னால் பொருத்திய இரும்பு கார்டு, கறுப்பு ஃபிலிம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போங்கள். ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012லேயே தடுத்துவிட்டது. காஸ் கிட் மாட்டியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

அடுத்தது துரு. சென்னை, கடலூர், தூத்துக்குடி என்று உப்புக் காற்றில் கிடக்கும் வண்டியாக இருந்தாலோ, ஒரு தடவையாவது வெள்ளத்தில் நின்றிருந்தாலோ உள்ளே தரை விரிப்பைத் தூக்கிக் கீழே தகரத்தைத் தட்டிப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தையும் பாருங்கள். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கீழே சுத்தியலால் தட்டினால் பொல பொலவென்று உதிரும். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்துபோனது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பேருந்துக்கு எஃப்.சி. எப்படிக் கிடைத்தது என்ற கேள்விதான் அன்று ஊரெல்லாம் இருந்தது. அதே வருஷம் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன, இப்போது கோடை விடுமுறையில் மைதானத்தில் வரிசையாகப் பள்ளி பஸ்களை நிறுத்திப் படி, தரை, அவசர வழி என்று பார்ப்பதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எஃப்.சி. என்பது அந்த ஒரு நாளில், பார்த்த இடங்களில், குறைந்தபட்ச அளவு இருந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. பார்க்காத இடத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் அது ஜாமீன் கிடையாது.

பேப்பர் வேலை

வண்டி நன்றாக இருந்து பேப்பரில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். முதலாவது, கடன் போட்டு வாங்கிய காராக இருந்தால், கடனை எப்போதோ அடைத்திருப்பீர்கள், ஆனால் ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே இருக்கும். அந்தப் பெயரை நீக்க, அதாவது ஹெச்.பி. கேன்சல் செய்ய, ஆட்சேபணை இல்லை என்று பேங்க் தரும் என்.ஓ.சி.யும் 35ஆம் எண் படிவமும் வேண்டும். அந்த பேங்கே வேறொரு பேங்கோடு இணைந்து, கிளையையும் மூடியிருந்தால் அலைச்சல் உறுதி, ஆகவே கடன் முடிந்த மாதமே இதை முடித்துவிடுவது நல்லது. இரண்டாவது, கட்டாமல் கிடக்கும் இ-சலான். சிக்னலில் எப்போதோ விழுந்த அபராதம் உங்களுக்கே தெரியாமல் இருக்கும், இணையத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். பி.எஸ். என்பது வண்டியின் புகைக்கு அரசாங்கம் வைத்திருக்கும் தர அளவு; புகைச் சான்று பழைய பி.எஸ்.-3 வண்டிக்கு ஆறு மாதம், பி.எஸ்.-4க்கும் பி.எஸ்.-6க்கும் ஒரு வருஷம்.

விண்ணப்பம் 25ஆம் எண் படிவம், மத்திய அரசின் பரிவாஹன் இணையத்தளத்திலேயே போடலாம். ஆர்.சி. முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து ஏற்பார்கள். அந்த 60 நாளையும் முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஒரு தடவை திருப்பி அனுப்பினாலும் சரி செய்துகொண்டு போக அவகாசம் இருக்கும். தேதியை ஆர்.சி.யில் அல்லது டிஜிலாக்கரில் பாருங்கள், கார் வாங்கிய வருஷத்தை வைத்து மனக்கணக்குப் போடாதீர்கள்.

ஏஜென்ட் வேண்டுமா என்றால், சட்டப்படி வேண்டியதில்லை. நேரம் இருப்பவர்கள் தாங்களே செய்யலாம். நேரம் இல்லாதவர்கள் பணம் கொடுத்து ஆள் வைப்பதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் "வண்டியைக் கொண்டே வர வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் ஆளிடம் மட்டும் கொடுக்காதீர்கள். நீங்கள் பணம் கட்டுவதே யாராவது வண்டியைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

தேதி தாண்டிவிட்டால்

காருக்கு மாதம் 500 ரூபாய், பைக்குக்கு மாதம் 300 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அது சின்ன விஷயம். பதிவு முடிந்த வண்டியை ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறைக்கே 2,000 முதல் 5,000 ரூபாய்வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸில்.

2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கைப் பாருங்கள். ஒருவர் புது பொலேரோ வாங்கினார். தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19இல் முடிந்தது, நிரந்தரப் பதிவு எடுக்கவில்லை. அந்த மாதம் 28ஆம் தேதி ஜோத்பூருக்கு வேலையாகப் போய் விடுதிக்கு வெளியே வண்டியை நிறுத்தியிருந்தபோது அது திருடுபோனது. இன்சூரன்ஸ் நடப்பில்தான் இருந்தது, ஆறு லட்சத்துக்கு மேல் மதிப்பு. ஆனால் செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் வண்டியை ரோட்டில் எடுத்தது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறியது, ஆகவே கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் முடித்துவிட்டது. திருட்டுக்கும் பதிவுக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்குத் தோன்றும், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆர்.சி. முடிந்த காரை "பக்கத்து கடைக்குத்தானே" என்று எடுக்கும்முன் அந்த பொலேரோக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் எவ்வளவு என்றால், காருக்கான பதிவுப் புதுப்பித்தல் 2022 மார்ச்வரை 600 ரூபாயாக இருந்தது, ஏப்ரல் 1 முதல் 5,000. பைக்குக்கு 300 ரூபாய் 1,000 ஆனது. வெளிநாட்டிலிருந்து இறக்கிய காருக்கு 40,000. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனிக் கட்டணம் வைத்தார்கள், காருக்கு 10,000, பைக்குக்கு 2,000. மேலே பழைய வண்டிக்கான பசுமை வரியும் ஆர்.சி. கார்டு கட்டணமும் உண்டு. இவை அடிக்கடி மாறுகின்றன, போகும் முன் பரிவாஹனில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பயத்தையும் தெளிவுபடுத்திவிடலாம். "15 வருஷம் ஆனா வண்டியை உடைக்கணுமாமே" என்று கேட்பவர்கள் டெல்லிச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் என்ற தடை தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் டெல்லி வட்டாரத்துக்கு மட்டும் போட்டது. அந்த வயதுக் கணக்கைத் தமிழ்நாட்டுக் காருக்குப் போட வேண்டாம். பரிசோதனையில் தேறினால் இங்கே 20, 25 வயது வண்டியும் ஓடலாம்.

வைத்துக்கொள்வதா, விடுவதா

இப்போது கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வண்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன பெட்ரோல் கார், சந்தை விலை ஒன்றரை லட்சம். நாலு டயர், பின் பிரேக், சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராட், பேட்டரி, கொஞ்சம் தகர வேலை, பெயின்ட் என்று ஐம்பதாயிரம், அரசாங்கக் கட்டணமும் மற்றதும் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் அறுபதாயிரம். அறுபது மாதத்துக்கு ஓடும், ஆக மாதம் ஆயிரம். வயதான வண்டி என்பதால் இடையிடையே வரும் செலவுக்கு மாதம் இரண்டாயிரம் போடுங்கள். மூவாயிரம் ஆயிற்று.

புதுக் கார் ஏழு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம்வரை உள்ள காருக்குச் சாலை வரி 13 சதவீதம், அதாவது 91,000 ரூபாய். பழைய காரின் மொத்த எஃப்.சி. செலவையும்விட இந்த ஒரு வரி அதிகம் என்பதைக் கவனியுங்கள். இன்சூரன்ஸ் கணக்குப்படி ஐந்தாம் வருஷ முடிவில் காரின் மதிப்பு பாதி, ஆக மூன்றரை லட்சம் கரைகிறது, மாதம் சுமார் 5,800. ஐந்து லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு எடுத்தால் மாதத் தவணை பத்தாயிரத்து நானூறுக்குப் பக்கம், அதில் வட்டி மட்டும் மாதம் சராசரி இரண்டாயிரம். வரியைப் பரப்பினால் மாதம் ஆயிரத்து ஐந்நூறு. சர்வீஸும் முழு இன்சூரன்ஸும் சேர்க்கும் முன்பே ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. தவணை மட்டும்தான் செலவு என்று நினைக்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் கரையும் அந்த மதிப்பை எழுதுவதே இல்லை.

பழைய கார் பெட்ரோல் குடிக்கும் என்பது உண்மை. லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தருகிறது, புதியது 19 தரும் என்றால், மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு லிட்டர் நூறு ரூபாய்க் கணக்கில் வித்தியாசம் எழுநூறு ரூபாய்தான். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் 2,400. இரண்டாயிரம் ஓட்டினால் ஐயாயிரத்தை நெருங்கிவிடும், அப்போது பழையதன் லாபத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆகவே "பழைய காரை வைத்துக்கொள்ளலாமா" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதைத்தான்.

இந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ்., அதாவது ஓங்கி பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி, கட்டாயமானது 2019 ஏப்ரலில், டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயமானது அதே வருஷம் ஜூலையில். 2010 வாக்கில் வந்த சின்னக் கார்களின் அடிப்படை மாடல்களில் இரண்டும் பெரும்பாலும் கிடையாது. எஃப்.சி.யில் அதைக் கேட்க மாட்டார்கள், தயாரான வருஷத்தில் என்ன விதி இருந்ததோ அதுதான் அந்த வண்டிக்கு. பழைய கார் நூற்றுக்கு நூறு தேறினாலும் மோதினால் அது 2010ஆம் வருஷத்துக் கார்தான். ஊருக்குள் காய்கறி வாங்க, பிள்ளைகளைப் பள்ளியில் விட என்றால் நான் தாராளமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். வாராவாரம் குடும்பத்தோடு சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவரிடம் அப்படிச் சொல்ல மாட்டேன், கணக்கு எவ்வளவு லாபம் காட்டினாலும்.

வைத்துக்கொள்வதாக இருந்தால் இன்சூரன்ஸில் ஒரு வார்த்தை. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி 1000 சி.சி.வரை 2,094 ரூபாய், 1500வரை 3,416, அதற்கு மேல் 7,897, வரி தனி. ஒன்றரை லட்சம் வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் போடாமல் இதோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு, அது தப்பில்லை, ஆனால் ஓட்டுகிற உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டைச் சேர்த்தே எடுங்கள். எஃப்.சி. கிடைத்த பிறகு அடுத்த ஐந்து வருஷத்துக்கு மறுபடி யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால், வருஷத்துக்கு ஒரு நாள் லிஃப்டில் தூக்கி பிரேக், பால் ஜாயின்ட், டயர், தரை நான்கையும் நீங்களே நின்று பார்த்துவிடுங்கள்.

விடுவதாக இருந்தால் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வராதீர்கள். வண்டி போனாலும் ஆர்.சி. உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும். பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்று தருவார்கள், அதை வைத்துப் பதிவை ரத்து செய்யலாம். புதுக் கார் வாங்கும்போது அந்தச் சான்றுக்குச் சாலை வரியில் 25 சதவீதம்வரை சலுகை தர மாநிலங்களுக்கு மத்திய விதியில் இடமுண்டு, உங்கள் ஆர்.டி.ஓ.வில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடுகிற வண்டியாக இன்னொருவருக்கு விற்றால் 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே தளத்தில் பார்க்க வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் கார் பல கை மாறிய பிறகு விபத்து நடந்திருந்தது, ஆர்.சி.யில் மட்டும் முதல் உரிமையாளர் பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்பே விற்றுவிட்டேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை, இழப்பீட்டுப் பொறுப்பு அவர் தலையில்தான் விழுந்தது.